மருந்தில்லாத தோட்டா

ஒஹாயோ சுடுகளத்தின் புல்லில் காலைப் பனி இன்னும் காயவில்லை. அதில் குப்புறப் படுத்து, அரைத்தானியங்கித் துப்பாக்கியின் விசையில் விரல் வைத்திருக்கிறாள் மர்லீன். ஒரு மாதமாக, வெடிக்கும் முன்பே அவள் தோள் பயந்து துள்ளிக் குழல் தாழ்கிறது. இன்றும் தாழ்ந்தால் நாளைய குழுப் போட்டியில் அவள் இல்லை. தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தில்லாத ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறான் கணவன் வெர்லின்; அது வெடிக்காது, அதனால் அவள் துள்ளினால் குழல் தாழ்வது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். "எத்தனாவதுடா அது?" என்கிறாள். "சொன்னா உன் தோளுக்கும் தெரிஞ்சுடும். வெடுக்குன்னு இழுக்காம அழுத்து, மகாராணி." அழுத்துகிறாள், வெடிக்கிறது. விரலை உடனே எடுக்காமல், குழல் அடங்கிய பிறகே மெல்லத் தளர்த்தி, மறுபடி அழுத்துகிறாள். 'டிக்' என்ற சத்தம் மட்டும். குழல் இம்மியும் அசையவில்லை. திரும்பிப் பார்க்கிறாள். தினமும் வேலைக்குப் போகுமுன் அவளோடு ஈரத்தில் படுப்பவன், சட்டையெல்லாம் நனைந்து, மூச்சடக்கி அந்தக் குழலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "மூச்சை விடுடா," என்கிறாள். "நாளைக்கும் நீ எனக்கு வேணும்."