அழிக்க அழிக்க வரும் புள்ளி

“உங்க கப்பல்ல பேய் இருக்கும்மா” என்றது ரேடியோ.

பேசியது பெரியவர். கடற்படையின் தொழில்நுட்பச் சோதனைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். தலைமைக் கப்பலின் ஏ.சி. அறையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, கடலில் வரிசையாக நின்ற நாலு கப்பல்களையும் காலையிலிருந்து ரேடியோவிலேயே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார்.

இல்லாத ஒன்று ரேடார் திரையில் புள்ளியாகத் தெரிந்தால், அந்தத் துறையில் அதற்குப் பேய் என்று பெயர். நாலாவது கப்பலின் திரையில் அப்படி ஒரு பச்சைப் புள்ளி, தெற்கே ஒரு கிலோமீட்டரில், நகராமல் நின்றது.

திரைக்கு முன்னால் இருந்தவள் பொறியாளர். கப்பல்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மியூட் மேடம்’. அவள் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும்.

இரண்டு வருட வேலை. ஒரு கப்பல் பார்ப்பதை நாலு கப்பலும் அப்போதே பார்க்க வேண்டும் என்பதற்காக, இந்தக் கப்பலின் பழைய போர்க் கணினிகளைக் கழற்றிவிட்டு அவளுடைய குழு புதியதை மாட்டியிருந்தது. மற்ற மூன்றிலும் இணைப்புப் பெட்டி வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குள் பெரியவர் சரியென்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலமே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையதை மாட்டிவிடுவார்கள். அவளையும் கையேடு திருத்தும் மேஜைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மணி பதினொன்றே முக்கால்.

“மத்த மூணு கப்பல்லயும் கேட்டுட்டேன். திரை துடைச்சு வச்ச மாதிரி இருக்காம். உனக்கு மட்டும் எங்கேருந்தும்மா வருது?” என்றார் பெரியவர். அவர் குரலுக்குப் பின்னால் சளக் சளக்கென்று ஏதோ சத்தம்.

“லைன் சரியில்லை மேடம்” என்று அவசரமாகச் சொன்னார் ரேடார் அண்ணன். அந்தக் கப்பலில் பதினாறு வருடமாக ரேடார் பார்ப்பவர்.

அவள் கேபிளை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. இரண்டு தடவை எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாகிவிட்டது. புள்ளி அசைந்து கொடுக்கவில்லை.

“மேல்தளத்துக்குப் போய் ஒரு தடவை நேரா பார்த்துடலாமா அண்ணா?”

“வேணாம் மேடம். வெயில் கண்ணைக் கூசும். ஒண்ணும் தெரியாது.”

அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, கப்பல்களுக்கிடையே போன தகவல்களின் பட்டியலை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“அண்ணா, இங்க பாருங்க. நம்ம புள்ளி மூணு கப்பலுக்கும் ஒழுங்கா போய்ச் சேருது. அப்புறம்தான் காணாமப் போகுது. முதல் கப்பல்ல நாலு செகண்ட்ல, அடுத்ததுல ஒம்பது, மூணாவதுல ரெண்டு.”

“அதனால என்ன மேடம்?”

“மெஷின் அழிச்சா எல்லாத்துலயும் ஒரே நேரம்தான் ஆகும். இது ஆள் உக்காந்து கையால அழிக்கிறது. நம்ம சிஸ்டம் மறுபடி அனுப்புது, அவங்க மறுபடி அழிக்கிறாங்க. காலையிலேருந்து இதே வேலையா இருக்காங்க.”

ரேடார் அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு மேடம்.”

“பழைய சிஸ்டத்துல நீங்களும் அழிச்சிருக்கீங்களா?”

“அதுல அழிச்சா அழிஞ்சிரும் மேடம். அது நல்ல சிஸ்டம்.”

ரேடியோ கரகரத்தது. “என்னம்மா, பேச்சையே காணோம்? சிஸ்டம் லாயக்கில்லைன்னு எழுதிடவா?”

அவள் மைக்கை எடுத்தாள். “சார், அந்த இடத்துல ஒண்ணுமே இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா?”

“என்னது? சத்தமா பேசும்மா!”

அவள் கண்ணை மூடிக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினாள். “அங்க ஒண்ணும் இல்லையே சார்?”

“ஒரு ஈ எறும்பு இல்லை! வெறும் தண்ணி! எத்தனை தடவை சொல்றது?”

“ரொம்ப நல்லதாப் போச்சு சார். லிஸ்ட்ல கடைசியா பீரங்கிச் சோதனை ஒண்ணு பாக்கி இருக்கு. புள்ளியைத் தொட்டா பீரங்கி தானா அந்தப் பக்கம் திரும்பணும். காலி இடமா தேடிக்கிட்டிருந்தேன். இதுலயே முடிச்சிடறேன்.”

“மேடம்!” ரேடார் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

அவள் மைக்கைக் கையால் பொத்தினாள். “உள்ள குண்டு இல்லையே அண்ணா?”

“இல்லை. காலையில நானே பார்த்துப் பூட்டினேன். ஆனாலும்...”

“அப்ப திரும்பட்டும்.”

அவள் பச்சைப் புள்ளியை விரலால் தொட்டாள். தலைக்கு மேலே இரும்பு உருண்டது. நீளமான குழாய் முனகிக்கொண்டே தெற்கே திரும்பி, கொஞ்சம் தாழ்ந்து, குறி பார்த்து நின்றது.

ரேடியோவில் அந்தச் சளக் சளக் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு தொப்பென்று ஏதோ தண்ணீரில் விழுந்தது. அதைத் தொடர்ந்து பெரியவரின் அலறல்.

“சுட்டுடாதேம்மா! மீன்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்!”