பேசக்கூடாத மூன்று வருடங்கள்

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் பூங்கோதையிடம் வழக்கின் முதல் நாளே வக்கீல் சொல்லிவிட்டார். "இறந்துபோனவங்க குடும்பத்தோட ஒரு வார்த்தை பேசிடாதீங்க டாக்டர். வருத்தமா இருக்குன்னு சொன்னாக்கூட தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." மூன்று வருடங்கள் நுகர்வோர் நீதிமன்றத்தில் பூங்கோதை யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சிகிச்சையில் தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. வக்கீல் கைகுலுக்கிவிட்டுப் போனார். வராந்தா பெஞ்சில், அறுவை அரங்கில் இறந்துபோன செல்வராணியின் கணவர் இருதயராஜ் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க டாக்டர். மயங்குறதுக்கு முன்னாடி அவ ஏதாவது சொன்னாளா?"

பூங்கோதைக்கு அது ஒருநாளும் மறந்ததில்லை. "பயமா இருக்கு, அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் சொல்றதுதானேன்னு நான் கூப்பிடல."

இருதயராஜ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவுக்கு வெளியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன்," என்றார்.