ரயிலடியில் கற்ற சொல்

ரயில் நிலையக் கூரையில் புருஷனோடு குடியிருந்த பெண்புறாவுக்கு 'அட்ஜஸ்ட்' என்ற சொல்மேல் அப்படியொரு மயக்கம். கீழே யாராவது "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றால் போதும், மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளும் உட்கார்ந்துவிடுவார். தங்கமான சொல் என்று நினைத்தாள்.

மழைக்கு ஒதுங்கிய எலியும் அதையேதான் சொன்னது. புறா நகர்ந்து மூலையில் இடம் விட்டாள். மறுநாள் அதையே சொல்லி அவள் தானியத்தில் பாதியைத் தின்றது. "அக்கா, நான் ராத்திரி கொறிக்கிற சத்தத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றபோது தூக்கமும் போயிற்று. இத்தனையும் இந்த ஒரு சொல்லுக்குள் எப்படி அடங்குகிறது என்று அவளுக்கு வியப்பு.

ஒரு காலை இரை தேடித் திரும்பியவள் கூட்டை எட்டிப் பார்த்தாள். கூட்டில் இருந்த இரண்டு முட்டைகளில் ஒன்றைக் காணோம்.

"அடப்பாவி! என் முட்டை எங்கேடா?" என்று எலியைப் பார்த்து அலறினாள்.

"கத்தாதே. அதான் இன்னொண்ணு இருக்குல்ல? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பேசியது எலி இல்லை. அதன் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாயைத் திறந்தால் மஞ்சள்கரு வழிந்துவிடும்.

அவள் மெல்லத் திரும்பினாள். அடைகாக்க விட்டுப்போயிருந்த புருஷன், கூட்டின் ஓரமாக நகர்ந்து, எலிக்கு வழி விட்டு நின்றிருந்தான்.