வீணாய்ப் போன பாதி வெளிச்சம்

ஜெயங்கொண்டத்தில் தியேட்டர் வைத்திருந்த செல்லமுத்து, படம் பார்க்க வருகிறவர்களை மதித்ததே இல்லை. 3டி படம் இருட்டாக இருக்கிறது என்று அவர்கள் குறைப்பட்டபோது, "முந்திரி பொறுக்குற கண்ணுக்கு இது போதும்" என்றார். ஆபரேட்டர் பரிமளாதான் பிடிவாதமாக, புரொஜெக்டரில் பொருத்தும் ஒரு புதுப் பெட்டியை வரவழைத்தாள்.

"புரொஜெக்டர் முன்னால இருக்குற 3டி பில்டர் பாதி வெளிச்சத்த முழுங்கிடுது சார். இது அந்தப் பாதியையும் திருப்பித் திரைக்கு அனுப்பிடும்."

காலையில், ஆளில்லாத அரங்கில், பெட்டியைப் பொருத்தி, படமில்லாமல் வெறும் வெள்ளை வெளிச்சத்தை விட்டுப் பார்த்தாள். செல்லமுத்து கேபினில் நின்றபடி 3டி கண்ணாடியை மாட்டினார். திரையின் அடியில் ஒரு தலையின் நிழல் தெரிந்தது.

"எவனோ ஓசியில வந்து உக்காந்திருக்கான் பாரு."

கண்ணாடியை மேஜையில் எறிந்துவிட்டு அவரே கீழே போனார். "எந்திரிடா நாயே!" என்று வரிசை வரிசையாகத் தேடினார்.

பரிமளாவின் வெறுங்கண்ணுக்குத் திரை வெள்ளையாகத்தான் இருந்தது. அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நிழல் எழுந்து நின்றது. அதன் இருபுறமும் இன்னும் பல நிழல்கள் எழுந்தன.

"பாத்தியா, ஒரு பயலும் இல்ல. உன் பெட்டிதான் கோளாறு" என்று செல்லமுத்து கத்தினார்.

குரல் வந்த பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. திரை நெடுகப் பக்கவாட்டில் மூக்குகள் தெரிந்தன.

"மேல வந்துடுங்க சார்."

"நீ யாருடி என்னைக் கூப்புட?" என்றபடி அவர் நடு வரிசையின் நடு இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

பரிமளா இரண்டாம் முறை கூப்பிடவில்லை. நிழல்கள் திரையின் நடுவை நோக்கி நகர்ந்து, நெருக்கி உட்காரத் தொடங்கின.