கறுப்பு ஆகாது

"மொதமொத வேலைக்குப் போற பிள்ளைக்குக் கறுப்புச் சாமான் ஆகாது ஆத்தா, சொன்னாக் கேளு..."

"ஏர் கன்னுக்குக் கறுப்பு சாக்கெட்தாம்ப்பா தாங்கும், பளபளக்கிறது வெடிச்சிரும்..."

கம்பத்து டூல்ஸ் கடையில், டீசல் மெக்கானிக் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓவியாவும் அப்பா ஈஸ்வரபாண்டியும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுகிறார்கள். கண்ணாடி மேசையில் நட்டைக் கவ்விக் கழற்றும் தடித்த கறுப்பு சாக்கெட்டுகள் எண்ணெய்த்தாளுக்குள் மங்கிக் கிடக்கின்றன. பக்கத்துப் பெட்டியில் இருப்பவை டியூப்லைட் வெளிச்சத்தை வாங்கி வெள்ளியாய் மின்னுகின்றன. நேற்று காற்றழுத்தத்தில் சுழலும் ஏர் கன்னால் லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்றுகையில் அப்படியொன்று சிதறி அவள் புருவத்தைக் கிழித்திருக்கிறது. பிளாஸ்திரியின் ஓரம் வியர்வையில் கிளம்பி நிற்கிறது. அவர் அதைப் பார்ப்பதில்லை. வீரபாண்டிக் கோயில் குங்குமத்தைப் பொட்டலத்திலிருந்து விரலால் தொட்டு, மின்னும் பெட்டிக்குப் பொட்டு வைக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது.

"என் தம்பி இந்தக் கறுப்பைக் கேட்டிருந்தா சகுனம் பாத்திருப்பீகளாப்பா?"