எல்லை வரை ஒரு டிரைவர்

"டாட்டா கனடா!" கார்க் கண்ணாடியை இறக்கிக் கையாட்டினான் நிதின். மாண்ட்ரியாலைத் தாண்டி அமெரிக்க எல்லையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது கார்.

போகிறவன் திரும்பத்தான் போகிறான். 2009 ஆள்குறைப்பில் அவனுக்கு வேலை போயிற்று. வேலை பர்மிட்டோ பழைய கம்பெனியில் மட்டும்தான் செல்லும். வேறு வேலை கிடைத்தவர்கள் எல்லையைத் தாண்டிய கையோடு திரும்பி, கனடா கவுண்டரில் புது பர்மிட் வாங்குவார்கள். அது கிடைக்காவிட்டால், மாதக் கடைசியில் நிதின் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காரை ஓட்டியவன் ஏழுமலை. அதே கம்பெனியில், அதே நாளில் வேலை போனவன். பாசத்தால் ஒன்றும் நிதின் அவனைக் கூப்பிடவில்லை. அவனிடம் கார் இருந்தது.

"எனக்கு இன்டர்வியூகூட இல்ல மச்சி. பேரைக் கேட்டதும் ஆஃபர் அனுப்பிட்டாங்க. திறமைன்னா அது! உன்னை எவன் கூப்பிடுவான்? 'போன்ஜூர்' தாண்டி ஒரு வார்த்தை பிரெஞ்சு வராது. பேசாம ஊருக்குப் போய் உங்கப்பாவோட மாவு மில்லைப் பாரு."

"மச்சி, அந்த ஆஃபரைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ என்னத்தைச் சொல்லப் போற? ரோட்டைப் பாத்து ஓட்டு."

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவனுக்கு வாழ்வு இன்னும் வந்தே சேரவில்லை, அதற்குள் குடையை விரித்துவிட்டான்.

அமெரிக்கப் பக்கம் போய்த் திரும்பி, கனடா கவுண்டரில் காகிதங்களை நீட்டினான் நிதின். அதிகாரி புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்கள் புது மேனேஜரிடம் பேச வேண்டும். அவர் சரி என்றால்தான் பர்மிட்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஆஃபர் கடிதத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

நிதின் வந்து ஏழுமலையின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். முகம் தெரியாத அந்தப் புண்ணியவான் போனை எடுக்க வேண்டுமே!

ஏழுமலையின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

"எஸ் ஆபீசர், நான்தான் மேனேஜர்," என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான் ஏழுமலை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு நிதின் பக்கம் திரும்பினான்.

"உன் திறமையைப் பத்திக் கேக்குறாரு மச்சி. என்ன சொல்லட்டும்?"