உள்ளே போன வெந்தயம்

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பேதி மருந்துப் பாக்கெட் நிலைகொள்ளாமல் கிடந்தது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் குடலைச் சுத்தம் செய்ய டாக்டர் எழுதிக் கொடுத்தது. பக்கத்து டம்ளரில் வெந்தயம் ஊறிக்கொண்டிருந்தது.

"துரைக்கண்ணுவுக்கு ரத்தமாப் போகுது. அவர் அண்ணனும் குடல் புற்றுநோயிலதான் போய்ச் சேர்ந்தார். இன்னும் என்னைப் பிரிக்கவே இல்லையே!" என்றது பாக்கெட்.

"வெறும் சூடுப்பா. அதுக்குத்தான் தினமும் எங்களை முழுங்குறாரே," என்றது வெந்தயம்.

"சரி, நேத்து உள்ளே போனவங்க என்னத்தைப் பார்த்தாங்க?"

வெந்தயம் யோசித்தது. "போனவங்க யாரும் திரும்பி வந்து சொன்னதில்லையே."

"ஸ்கேன் சொல்லும். உள்ளே இருக்கிறதைப் படம் பிடிச்சு வெளியே காட்டும்."

அதற்குள் துரைக்கண்ணு வந்துவிட்டார். பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு டம்ளரை எடுத்தார். வெந்தயத்துக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"ஐயா, அந்தப் பாக்கெட்டைப் பிரிங்க!" என்று தொண்டைக்குள் இறங்கும்போதே கத்தியது.

அந்தச் சத்தம் ஓர் ஏப்பமாக வெளியே வந்தது.

"சூடு இறங்குது பாரு," என்றார் மனைவியிடம்.

சாயங்காலம் மறுபடியும் ரத்தம் போனது. மறுநாளைக்கு வெந்தயத்தை இரண்டு ஸ்பூனாக ஊறப்போட்டார்.